கடைசிக் கேள்வி என்னுடையது

ஜார்ஜ் டவுன்,
புதன்கிழமை.

அன்புள்ள நவோமிக்கு,

காமினி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்க எனக்குக் கை வரவில்லை. அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். நம் நாடகத்தில் உன் பாகத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒத்துக்கொண்டேன். நம் குழுவில் ஷஹீராவோ இக்மலோ சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

உன் கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. குளுவாங்கில் உன் சின்னம்மா வீட்டு முகவரியை உன் அம்மா சவுந்தரம் ஆன்ட்டியிடம் கேட்டு வாங்கினேன். அவர் என்னிடம் எப்போதும்போல அன்பாகத்தான் பேசினார். "சாப்புடுதாம்மா. தூங்குதாம். ஏதாச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டுதாம், அவ்ளோதான்லா" என்றார். பிறகு, நான் சாப்பிட்டேனா என்று இரண்டு முறை கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நீ அன்று மண்டபத்தை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இங்கே அந்தக் கதை இப்போது வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே நான் பார்த்தபடி முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். ஒரு இடத்திலாவது அது சரியாக இருக்கட்டும்.

நடிப்பில் முதுகலை முடிக்க வேண்டுமானால் ஐந்து பேர் சேர்ந்து, எழுதிவைத்த நாடகம் எதுவும் இல்லாமல், தங்களிடமிருந்தே ஒரு நாடகத்தை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்று நம் விரிவுரையாளர் புவான் ரொஸ்னா சொன்ன நாளில், நம் குழுவில் உண்மையான ஒன்றைக் கொண்டுவந்தவள் நீ மட்டும்தான். மற்றவர்கள் பாட்டும் ஆட்டமும் கொண்டுவந்தோம். நீ ஒரு கைப்பையைக் கொண்டுவந்தாய். மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் ஒரு பெண், பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துப் பிடித்துவைக்கிறாள். யாராவது வந்து கேட்டால், "அவர் வண்டிய நிறுத்திட்டு வர்றாரு" என்கிறாள். பூசை முடிகிறது. பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறாள். அவ்வளவுதான் காட்சி. உன் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டாயா என்று புவான் கேட்டதற்கு, "என் ஹேண்ட்பேக்குக்கு நடிக்கிற சான்ஸ் கெடச்சிருச்சா, எனக்குக் கெடைக்கலையே" என்று அம்மா சிரித்ததாக நீ சொன்னாய்.

தனேஷ் கொண்டுவந்தது கேள்விக் காட்சி. எல்லோரும் வட்டமாக உட்கார்வோம். ஒருவர் இன்னொருவரின் பேரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்பார். கேள்வி ஒவ்வொரு முறையும் புதிது. பதில் உண்மையாக இருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எழுந்து நிற்க வேண்டும், இக்மல் பித்தளைத் தட்டைத் தட்டும் வரை. புவான் ரொஸ்னாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு விதி போட்டார். வீட்டைத் தொடும் கேள்வியாக இருந்தால், கேட்கப்போகிறவர் முன்பே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். தனேஷ் தலையாட்டினான். நானும் பார்த்தேன்.

முன்னோட்டத்தன்று உன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பூசைக் காட்சி யாருடையது என்று பார்வையாளர்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். பிறகு கேள்விக் காட்சி வந்தது. "நவோமி, உங்கப்பா இப்ப யார் வீட்டுல இருக்காரு?" என்று தனேஷ் கேட்டான்.

உன் அப்பா ரேமண்ட் அங்கிள் கெப்பாலா பத்தாஸில் யாரோடு இருக்கிறார் என்பதை நீ அவனை நம்பி அவனிடம் சொல்லியிருந்தாய். என்னிடமும் சொல்லியிருந்தாய். வேறு யாருக்கும் தெரியாது. நீ எழுந்து நின்றாய். இக்மல் தட்டைத் தட்டக் குச்சியை எடுத்தான். தனேஷ் அவனைக் கையமர்த்தினான். அதை இக்மலையும் என்னையும் தவிர யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் உன் அம்மாவைத் தெரிந்த இரண்டு பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். தட்டுச் சத்தம் கேட்டதும் கைதட்டினார்கள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. நீ போன பிறகு புவான் ரொஸ்னா தனேஷைக் கூப்பிட்டு, அனுமதி வாங்கினாயா என்று கேட்டார். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூச்சக்காரியாக இருப்பதில் ஒரு வசதி, யாரும் என்னை ஆளாகவே எண்ண மாட்டார்கள். அவன், "முன்னாடியே சொல்லிட்டேன் புவான். அவ ஓகேன்னுதான் சொன்னா. மேடையில பயந்துட்டா" என்றான். சொல்லிக்கொண்டே சட்டைக் காலரை இரண்டு விரலால் கழுத்திலிருந்து பின்னுக்கு இழுத்துவிட்டான், உள்ளே காற்றுப் போகட்டும் என்பதுபோல. புவான் அதைக் குறித்துக்கொண்டார். அனுமதி கொடுத்துவிட்டு மேடையில் தயங்கியவள், தானே விலகிக்கொண்டாள். உன் பேருக்கு எதிரில் இப்போது இருப்பது இதுதான். இப்படியே போனால் செமஸ்டர் முடிந்ததும் நீ படிப்பில் இல்லை.

பூசைக் காட்சியை மட்டும் அவர்கள் விடவில்லை. "நல்ல சீன்லா, வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றான் தனேஷ். ஷஹீரா மாட்டேன் என்றுவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். "காமினி, நீ பண்றியா? உன் குரல் கடல் தாண்டி பட்டர்வொர்த் வரைக்கும் கேக்க வேணாம், மூணாவது வரிசைக்குக் கேட்டாப் போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சரி என்றேன்.

ஏன் தெரியுமா? கேள்விக் காட்சியில் உன் இடத்தில் உட்காருபவள் தனேஷுக்கு நேர் எதிரே உட்கார வேண்டும்.

அன்புடன்,
காமினி


ஜார்ஜ் டவுன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நவோமி,

உன் அட்டை வந்தது. இரண்டே வரி. "எதுவும் செய்யாதே. அவனும் என்னைப் போல ஆகிவிடுவான்." உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு படித்தேன்.

ஆகட்டும்.

நீ நல்லவள். உன்னோடு பழகிய இந்த வருடங்களில் அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. எங்கள் தாசேக் கெலுகோரில் என் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். லாரியை எடைபோடும் இடத்தில் அவரை யார் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் நான் அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தனேஷ் கிண்டல் செய்யும்போதெல்லாம் என் முகத்தில் வருவது அப்பாவின் சிரிப்பு. ஆனால் வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது அப்பா தனக்குள் என்னென்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்தி கேட்கிறாயா? அப்பா இன்னும் வெளியே, "மக மாஸ்டர்ஸ் படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எதில் என்று கேட்டால் பேச்சை லாரி டயருக்கு மாற்றிவிடுகிறார். எதிர்வீட்டு நல்லம்மாள் அக்கா, எப்போது டிவியில் வருவாய் என்று கேட்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி. இங்கே மழை. விடுதியில் துணி காய்வதே இல்லை.

உன் அம்மாவை இன்று காலை பார்க்கப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்தார். மெலிந்திருக்கிறார். யாரோ ஒரு பெண் தாழ்ந்த குரலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க, அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு என்னோடு நடந்து வரும்போது, "இப்பல்லாம் பைய மடியிலதான்மா வச்சிக்கிறேன். பெஞ்சுல எடம் பத்தல" என்றார். அந்தக் கோயிலில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது, நவோமி. நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவரால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிடித்துவைக்க முடிந்த ஒரு இடத்தை அவன் ஒரு கேள்வியில் எடுத்துவிட்டான். இதற்குப் பிறகும் நான் எதுவும் செய்யக்கூடாது என்கிறாய்.

ஒத்திகை பற்றிச் சொல்கிறேன். நாடகத்தில் நிழல் பயிற்சி என்று ஒன்று சேர்த்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு ஆளைக் கவனித்து, அந்த ஆளின் நடை, கை, பேச்சு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பாத்திரம் செய்ய வேண்டும். ஷஹீரா தன் மாமியைச் செய்கிறாள். இக்மல் படகுத்துறையில் டிக்கெட் பார்ப்பவரை. நான் யாரை எடுத்திருக்கிறேன் என்று வெளியே சொல்லவில்லை. ஒரு மாமாவைச் செய்கிறேன், அவ்வளவுதான். எப்போதும் பொய் சொல்லும் மாமா. கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டே மனைவியிடம் கைப்பேசியில், "பாலத்துல ஜாம்மா. நவுரவே மாட்டேங்குது கெரெத்தா" என்பார், காரில் மாட்டிக்கொண்டதுபோல. பிறகு முதலாளியிடம், "காய்ச்சல் பாஸ்" என்பார். பிறகு சாமி படத்தின் முன் நின்று, "இனிமே சீட்டாட மாட்டேன்" என்பார். ஒவ்வொரு பொய்க்கும் சட்டைக் காலரை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்துவிடுவார்.

முதல் நாள் செய்து காட்டியதும் ஷஹீரா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். இக்மல் குனிந்து செருப்பைப் பார்த்தான். தனேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "இந்த காலர் மேட்டர் சூப்பர்லா. யார்கிட்ட இருந்து எடுத்த? இன்னும் பெருசா பண்ணு, பின் வரிசைக்குத் தெரியணும்" என்றான். என் கையைப் பிடித்து, முழங்கையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தான். நான் நன்றி சொன்னேன். தன் முதுகை யாரால் பார்க்க முடியும்? அவன் ஒரு நாளில் எத்தனை தடவை காலரை இழுக்கிறான் என்று அவனைத் தவிர நாங்கள் எல்லோரும் இப்போது பார்க்கிறோம். நேரம் கழித்து வந்து, "பஸ் வரல" என்கிறான், இழுக்கிறான். ஷஹீராவிடம், "உன் டான்ஸ் நல்லாருக்கு" என்கிறான், இழுக்கிறான். பாவம், அவள் நன்றாகத்தான் ஆடுகிறாள்.

கேள்விக் காட்சியில் வரிசை இப்போது இப்படி. கடைசிக்கு முந்தைய கேள்வியைத் தனேஷ் என்னிடம் கேட்பான். கடைசிக் கேள்வியை நான் அவனிடம் கேட்பேன். அந்த வரிசையை அவன்தான் போட்டான். ஒத்திகையில் நான், "காலைல என்ன சாப்பிட்ட?" மாதிரிதான் கேட்கிறேன். அவன் ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்து நாடகத்தை முடித்துவைக்கிறான். அதற்கு ஏற்ற ஆள் நான்தான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

நாடகம் பார்க்க அவன் அப்பா மோகனராஜ் வருகிறாராம், வக்கீல் நண்பர்களோடு. உன்னிடம் மறைக்கமாட்டேன். முதலில் எனக்கு வேறு ஒரு கேள்விதான் மனத்தில் இருந்தது. வக்கீல் தேர்வில் தோற்றதை அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை, தேர்வே எழுதவில்லை என்று சொல்லி நம்பவைத்திருக்கிறான் என்று நீ ஒருமுறை சொன்னாயே. அதைக் கேட்டால் போதும். அப்பா முன்னால், நண்பர்கள் முன்னால். உனக்குச் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்ததுபோல இருக்கும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு இனிப்பாக இருந்தது.

ஆனால் அந்தக் கேள்வி அடிக்கப்போவது அவன் அப்பாவை. பெற்றவர்களை அடிப்பது தனேஷ் செய்கிற வேலை, என் வேலை அல்ல. அவனை மட்டும் அடிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அது எந்த வீட்டையும் தொடாது, அதனால் அனுமதியும் வேண்டாம்.

உன் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார், இதோடு வருகிறது. சாப்பிடு.

உன்,
காமினி


ஜார்ஜ் டவுன்,
செவ்வாய்க்கிழமை.

என் நவோமிக்கு,

முடிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன். அவசரப்பட்டால் எதையாவது விட்டுவிடுவேன்.

துறைமுகத்தை ஒட்டி வெல்ட் கீ பக்கம் ஒரு பழைய கிடங்கில் போட்டோம். கூரை உயரம், விசிறி போதவில்லை, எல்லோரும் நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஃபெரியில் வந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். முன் வரிசையில் உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மோகனராஜ் நடுவில், காலை நீட்டிக்கொண்டு. புவான் ரொஸ்னாவும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்களும் பக்கவாட்டு மேசையில். உன் அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

உன் காட்சியை நான் நன்றாகச் செய்யவில்லை. பையை எப்போது எடுக்க வேண்டும் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நீ எடுக்கும்போது அது எல்லாவற்றையும் முடிவுகட்டியதுபோல இருக்கும். நான் எடுத்தபோது பஸ்ஸுக்கு நேரமானதுபோல இருந்தது.

ஆனால் மாமா நன்றாக வந்தார். முதல் பொய்க்குக் கொஞ்சம் சிரித்தார்கள். இரண்டாவதற்கு, கை காலரை நோக்கிப் போகும்போதே சிரித்தார்கள். சாமி படத்தின் முன் நின்றபோது நான் ஒன்றும் பேசவில்லை. காலரை மட்டும் இழுத்தேன். கிடங்கே அதிர்ந்தது. மோகனராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பாஷையை நான் கற்றுக்கொடுத்து முடித்திருந்தேன்.

பிறகு கேள்விக் காட்சி. வட்டமாக உட்கார்ந்தோம். ஷஹீரா இக்மலைக் கேட்டாள், இக்மல் ஷஹீராவைக் கேட்டான். என் முறை வந்தது. மேடைக்கான வெள்ளைச் சட்டையில் தனேஷ் அழகாகத்தான் இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "காமினி, வாயே தெறக்காத பொண்ணு நீ. நீயெல்லாம் ஏன் மேடைக்கு வந்த?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. சுவரோரம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

"உன்ன ஒரு கேள்வி கேக்கறதுக்கு" என்றேன்.

மூன்றாவது வரிசைக்குக் கேட்டிருக்கும். அதற்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

கடைசிக் கேள்வியை மலாயில் கேட்டேன், புவான் ரொஸ்னாவுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு சொல் தவறாமல் புரிய வேண்டும் என்பதற்காக. முன்னோட்டத்தன்று கேட்ட கேள்வியை, கேட்கப்போவதாக நவோமியிடம் முன்பே சொன்னாயா என்று கேட்டேன்.

எழுந்து நிற்கலாம் அவன். விதி அதை அனுமதிக்கிறது. நின்றிருந்தால் தப்பித்திருப்பான். அவனுக்கு நிற்கத் தெரியாது, நவோமி. அமைதியை ஒரு நொடி தாங்கத் தெரியாது. உடனே, "சொன்னேன்" என்றான். கை தானாகப் போய்க் காலரை இழுத்தது.

பின்னால் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக. பிறகு மொத்தமாக. நவோமி யார், என்ன கேள்வி என்று அவர்களுக்கு எதுவும் தெரியாது. இவன் பொய் சொல்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. தனேஷ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், பொத்தான் கழன்றிருக்கிறதோ என்று. "உண்மையா சொன்னேன்" என்றான், மறுபடி இழுத்தான். அவன் அப்பாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். வீட்டில் இத்தனை வருடமாகப் பார்த்த கை அல்லவா அது.

அப்போதுதான் தனேஷ் என்னைப் பார்த்தான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தன் கையைப் பார்த்தான். அது இன்னும் கழுத்தில் இருந்தது. அதை இறக்கி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். எழுந்து நின்றான். வாய் திறந்து திறந்து மூடியது. இக்மல் குச்சியை எடுத்தான்.

யாரும் அவனைக் கையமர்த்தவில்லை. ஆனாலும் இக்மல் தட்டவில்லை. அவசரமே இல்லாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனிடம் எதுவும் சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. சிரிப்பு அடங்கியது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் தட்டினான்.

நீ கேட்பாய், எனக்குப் பாவமாக இல்லையா என்று. இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். நல்ல விளக்கு, தெளிவாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாடகம் முடிந்த பிறகு புவான் ரொஸ்னா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துத் தனேஷிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவன் பதில் சொல்வதற்கு முன், நவோமியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று இக்மல் சொன்னான். தட்டைத் தட்டவிடாமல் அன்று கையமர்த்தியதையும் சொன்னான். அவனுக்கும் அது உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது, பார். எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தனேஷ், தான் பொய் சொன்னதாகச் சொன்னான். அவன் இந்த வேலையை அடுத்த செமஸ்டரில் வேறு ஒரு குழுவோடு முதலிலிருந்து செய்ய வேண்டும். உன் குழுவில் அல்ல, அதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார் புவான். உடன் நடிப்பவனை மேடையில் வைத்து உரித்துவிட்டாய் என்றார். இந்த வருடம் தான் பார்த்த நடிப்பில் அதுதான் சிறந்தது என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதப்போகிறாராம். எழுதட்டும். வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கழுத்தைப் பார்த்தார். என் சட்டைக்குக் காலர் இல்லை.

வெளியே அப்பா காத்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சிரிச்சாங்களேம்மா, அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லதுதான் என்றேன். "அந்தப் பையன் அழுத மாதிரி இருந்துச்சு. அதுவும் நடிப்புதானே?" என்றார். அம்மா அவரைக் கையைப் பிடித்து ஃபெரிக்கு இழுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் போய் நாசி கண்டார் வாங்கி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பழிவாங்கினால் மனம் லேசாகும் என்பார்கள். லேசாகவெல்லாம் இல்லை. நன்றாகப் பசித்தது.

நேற்றுத் தனேஷ் நூலகத்துக்கு வெளியே நின்றிருந்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், முகவரி கேட்டான். வட்டக் கழுத்துப் பனியன் போட்டிருந்தான். கை இரண்டும் பைக்குள். உண்மையா பொய்யா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும், நான் அல்ல.

இப்போது முக்கியமான விஷயம். நீ தானே விலகிக்கொண்டாய் என்று எழுதியிருந்ததைப் புவான் ரொஸ்னா நிறுத்திவைத்திருக்கிறார். மாத முடிவுக்குள் நீ நேரில் வந்து நடந்ததை உன் வாயால் சொன்னால், பூசைக் காட்சியை உன் பேரில், உன் வேலையாகச் செய்துகாட்ட இடம் கொடுப்பார். நான் சொன்னது போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். அவர் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். நான் உன் இடத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அது என் கேள்வி. நீ கேட்க வேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது.

நான் செய்தது உனக்குப் பிடிக்காமல் போகலாம். எதுவும் செய்யாதே என்று எழுதினாய், நான் செய்தேன். திட்டவேண்டுமானால் திட்டு. ஆனால் அட்டையில் இரண்டு வரியாக வேண்டாம். இங்கே வந்து, என் எதிரில் நின்று, சத்தமாகத் திட்டு. அந்தக் குரலைக் கேட்டால் போதும் எனக்கு.

மாதா உன்னைக் காக்கட்டும் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். உன் அம்மா அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், நான் வேறு ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உனக்குக் கோபம் வரட்டும், நவோமி. இத்தனை நாளாக இரண்டு பேருடைய கோபத்தையும் நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்கிறேன். கனக்கிறது. உன் பங்கை வந்து வாங்கிக்கொள்.

உனக்காகக் காத்திருக்கும்,
காமினி